வள்ளம் செய்தவர் பெயர்

ஹலோ… ஹலோ, கேக்குதா… ஓம், ஓம், நான்தான் மிஸ், சபூறா. மருதமுனை. அந்த வள்ளத்துக்காரி… ஓம், அதே ஆள்தான். முந்தநாளும் எடுத்தன், நேத்தும் எடுத்தன், றெஜிதா மிஸ் லீவு எண்டாங்க… ஒங்கட மகளுக்குக் காய்ச்சலா. இப்ப எப்பிடி… அல்ஹம்துலில்லாஹ். கஞ்சி குடுங்க, கொத்தமல்லி அவிச்சிக் குடுங்க… ஓம் மிஸ், அதுக்குத்தான் எடுத்தன். இண்டைக்கு பைல் மேல போகுது எண்டு சொன்னீங்களே.

… இல்ல மிஸ். என்ட புருசன்ட ஒப்பம் கெடைக்கல்ல. ஒப்பம் வைக்கிற கைதானே விழுந்திட்டு. வலப்பக்கம் முழுக்க… ஒங்களுக்குத் தெரியாதா. நான் சொன்னேனே… அப்ப ஆரிட்டச் சொன்னன்… ஓ, அந்தக் கண்ணாடி போட்ட தம்பிக்கிட்ட. அவர் ஓம் ஓம் எண்டு கேட்டுப்போட்டு ஒண்டும் எழுதி வைக்கல்ல போல. சரி. இப்ப நீங்க சேருக்குக் குறிப்பு எழுதணுமா… முதல்ல இரிந்தா… ஓம், சொல்றன், எழுதுங்க. நான் கதைக்கத் தொடங்கினா நிப்பாட்டமாட்டன், நீங்கதான் நிப்பாட்டணும்.

என்ட மாப்புள, பளீல், கத்தாருல பதினொரு வருசம். வள்ளம் செய்யிற கம்பனியில. நம்மட வள்ளமில்ல மிஸ், அரபிமார் வெள்ளிக்கெழமையில கடல்ல சுத்துறதுக்கு வெச்சிருக்கிற வெள்ள வள்ளம். அதுக்கு பைபர் அடிக்கிற வேல. நாப்பது வள்ளத்துல கைவெச்சிருக்காராம். ஒண்டுலயாவது ஏறிப் போனீங்களா எண்டு கேட்டன். கழுவுறதுக்கு ஏறினன் எண்டாரு… ஓம், எனக்கும் சிரிப்புத்தான் வந்த. அவர் சிரிக்கல்ல. ஊருக்கு வந்து மூணாம் நாள் சொல்றாரு, சபூறா, நான் ஒரு வள்ளம் செய்யப்போறன், மீன் புடிக்கிறதுக்கில்ல, நாம ஏறிப் போறதுக்கு எண்டு. எங்க போறதுக்கு எண்டு கேட்டன். ஒரு எடத்துக்கும் இல்ல, சும்மா போயிட்டு வாறதுக்கு எண்டாரு.

இத எங்கட ஊருல சொல்லிப் பாருங்கவன். வலையில்லாம கடலுக்குப் போறவனுக்கு மூள கலங்கிட்டு எண்டுதான் சொல்லுவாங்க. சொன்னாங்க. என்ட தம்பி றமீஸே சொன்னான், அவன் கடல்ல தொழில் செய்யிறவன். மச்சான், நாங்க வவுத்துக்காகக் கடலுக்குப் போறம், நீங்க என்னத்துக்காகப் போறீங்க எண்டு கேட்டான். மனிசன் பலகைய இழைச்சிக்கிட்டே இரிந்தாரு.

… சட்டமா. அதுதான் மிஸ் எனக்கு மனம் ஆறுதில்ல. களவாச் செஞ்சிருந்தா நானும் வாய மூடிக்கிட்டுக் கெடப்பன். பலகையில கைவைக்க முந்தியே, வள்ளத்தப் பதிய எண்டு ஒங்கட கந்தோருக்கு வந்தாரே. முதல் தரம் மீன்புடி வள்ளத்துட போமைக் குடுத்தாங்க. என்ன வலை, எத்தன பேர் தொழிலுக்குப் போற, மீன எங்க விக்கிற எண்டெல்லாம் கேட்டிருந்த. நம்மட வள்ளத்துல ஒரு மீனும் ஏறாது சேர் எண்டு திருப்பிக் குடுத்திட்டு வந்தாரு. ரெண்டாம் தரம் வந்தாரு, அப்பிடி ஒரு போம் இல்ல எண்டாங்க. மூணாம் தரம் நீங்கதான் மிஸ், அலுமாரிக்கு அடியில தேடி எடுத்துக் குடுத்தீங்களாம். உல்லாசப் படகு எண்டு மேல எழுதியிரிந்த. ஊட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாரு, அந்த மிஸ் தூசி தும்மித் தும்மித் தேடினா எண்டு.

அந்தத் தாள எங்கட மகள் ஹிமாயா வாசிச்சிக் காட்டினா. இவருக்கு அது மனப்பாடம். தானே செஞ்சி தானே பாவிக்கிறவருக்கு, வள்ளம் செஞ்சி விக்கிற யாட்டுகளுக்குள்ள லைசன் தேவல்ல. முதல்ல படம் கீறிக் குடுக்கணும். பலகை அடிக்கக்குள்ள ஒரு போட்டோ, பைபர் போடக்குள்ள ஒரு போட்டோ, முங்காம இரிக்க ரெண்டு பக்கமும் காத்துப் பெட்டி வைப்பாங்களே, அத மூட முந்திக் கட்டாயம் ஒரு போட்டோ. ஆளுக்கொரு லைப் ஜாக்கட். அஞ்சி வருசத்துக்கு விக்கப்படா. ஒண்டு விடாமச் செஞ்சாரு. காத்துப் பெட்டிய மூடின பொறகு, போட்டோவுல வெளிச்சம் காணா எண்டு மறுகா வெட்டித் தொறந்து எடுத்த மனிசன் மிஸ் அவர்.

… வாறன், வாறன், அதுக்குத்தான் வாறன். பிழ எங்க நடந்த எண்டா, உரிமையாளர் பெயர் எண்டு ஒரு கட்டம் இரிக்கே. அதுல என்ட பேர எழுதிட்டாரு.

… ஏன் எண்டா… நீங்களும் கல்முனைதானே மிஸ். ஒங்கட பக்கத்துலயும் ஊடு பொம்புளப்புள்ளைக்குத்தானே. எங்கட ஊருல ஊடு, வளவு, கிணறு, தென்னமரம் எல்லாம் பொம்புளட பேருல. மாப்புள ஒரு பேக்கோட வாற ஆளு. இருவத்தாறு வருசமா எந்தத் தாள நீட்டினாலும், உரிமையாளர் எண்டு கண்டா இவர்ட கை தன்ட பாட்டுல சபூறா எண்டு எழுதும். கரண்டு பில் என்ட பேரு. தண்ணி பில் என்ட பேரு. வள்ளம் கெடந்ததும் என்ட வளவுக்குள்ள. யோசிக்கவே இல்ல, எழுதிட்டாரு.

ஓம்… ஓம், சேர் வெளங்கப்படுத்தினாரு. செஞ்சவரும் உரிமையாளரும் ஒரே ஆளா இரிக்கணும். ரெண்டு பேரு எண்டா ஒருத்தர் மத்தவருக்குச் செஞ்சி குடுத்ததா ஆகும். செஞ்சி குடுக்கிறது யாட்டுட வேல. புருசன் பொஞ்சாதிக்குச் செஞ்சாலும் சட்டத்துக்கு அப்பிடித்தானாம். நான் சேரப் பிழ சொல்லல்ல மிஸ். தாளுல அப்பிடித்தான் கெடக்கு.

நேர வந்து, இது என்ட வள்ளம், எனக்கெண்டு நான்தான் செஞ்ச எண்டு சேருக்கு முன்னால சொல்லி, புதுசா ஒப்பம் வெச்சா மாத்தித் தருவம் எண்டீங்க. திங்கக்கெழம வாறதெண்டு இரிந்த. சனிக்கெழம சுபஹு தொழுதிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கக் குந்தினாரு. கோப்ப கைய விட்டு நழுவிட்டு. எடுக்கக் குனிஞ்சவரு எழும்பல்ல… பாரிசவாதம் மிஸ்… ஓம்… ரெண்டு மாசத்துக்கு மேல. ஆசுபத்திரியில இரிந்து ஊட்டுக்குக் கொண்டுவந்தாச்சி.

ஒரு நிமிசம் மிஸ்… இஞ்சாருங்க, கந்தோர் மிஸ்ஸோடதான் கதைக்கன். ஓம், வள்ளத்தப் பத்தித்தான். தலவாணி சரியா… சரி, சரி… மன்னிச்சுக்கங்க மிஸ். கட்டிலுக்குப் பக்கத்துல நிண்டுதான் கதைக்கன். அங்கால போனா கண்ணால தேடுறாரு.

… வள்ளமா. கடக்கரையில. இவர் நல்லா இரிக்கக்குள்ளயே மதில இடிச்சி, இருவது பேர் தூக்கிட்டுப் போய் வெச்ச. அந்த இருவது பேரும் சிரிச்சிச் சிரிச்சித்தான் தூக்கின. இப்ப அதுல நோட்டீஸ் ஒட்டியிரிக்கி. நம்பர் இல்லாத வள்ளம் கரையில கெடக்கப்படாதாம். தவணை நாளையோட முடியுது. அதுக்குப் பொறகு எடுத்துக்கொண்டு போய் ஒடைச்சிருவாங்களாம்… திருப்பி வளவுக்குக் கொண்டுவரலாம் எண்டா, பைல் முடியும் மட்டும் அசைக்கவும் படாதெண்டு அதே நோட்டீஸ்லதான் கெடக்கு. வைக்கவும் ஏலா, எடுக்கவும் ஏலா. நான் என்ன செய்யிற மிஸ்.

… பெருவிரல் அடையாளமா. ஒப்பத்த அத்தாட்சிப்படுத்துற ஜேபிகிட்டக் கேட்டம். தானா வைக்கணுமாம். நான் கையப் புடிச்சி வெச்சா அது என்ட அடையாளமாம்… அதுவும் எழுதித் தந்தன் மிஸ், வள்ளத்த நான் இவருக்கே விட்டுக்குடுக்கன் எண்டு. குடுக்கிறவ ஒப்பம் வெச்சா காணாதாம், எடுக்கிறவரும் வைக்கணுமாம்.

மிஸ், ஒண்டு கேக்கன், சிரிக்கப்படா. செஞ்சது நான்தான் எண்டு எழுதினா என்ன. உரிமையும் நான், செஞ்சதும் நான்… ஏன், நானும்தானே வேல செஞ்சன். பைபருக்குள்ள ஒரு கண்ணாடித் துணி வைக்கிற, தெரியுமா. நான் தறியில குந்தின பொம்புள, துணி எண்டா எனக்குத் தெரியும். சுருக்கம் இல்லாம நீட்டி வெட்டிக் குடுத்தது நான். மூணு நாள் கை அரிச்ச… … சேர் கேள்வி கேப்பாரா. என்ன கேள்வி… காத்துப் பெட்டியில எத்தன லீட்டர் காத்து எண்டா எனக்கு எப்பிடித் தெரியும்… ஓம். அது பொய்தான். வேணா, விடுங்க.

… என்ன… வேற வழியா. என்ன வழி… ஓம்… ஓம்… மீன்புடி வள்ளமாவா… றமீஸ்ட பேருலயா. ஓம், அவன் சங்கத்துல இரிக்கான்… யாட்டுக்காரங்க எடுத்து… ஓம்… இருக்கையக் கழட்டி, வலைக்கு எடம் வெட்டி, தங்கட வேலையா முடிச்சிக் குடுப்பாங்களா… இண்டைக்குக் குறிப்பு எழுதினா நாளைக்கு ஒடைக்கமாட்டாங்களா… ஓம், வெளங்குது. நீங்க எங்கள நெனச்சுத்தான் சொல்றீங்க.

மிஸ், அந்த இருக்க… ரெண்டு இருக்க இரிக்கி. ஒண்டு என்ட அளவுக்குச் செஞ்ச. எனக்கு முதுகு நோவு. குசினியில அடுப்படிப் பலகையில என்ன இருத்தி, நூல் புடிச்சி அளந்து, சாஞ்சி இருக்கிற மாதிரி முதுகுக்குப் பலகை வெச்சித் தந்தாரு. வெக்கம் கெட்ட வேல, கடலுக்குப் போற பொம்புளயா நான் எண்டு ஏசினன். இருந்து பாரு சபூறா எண்டாரு. வளவுக்குள்ள, மண்ணுல கெடக்கிற வள்ளத்துல, ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுதிட்டு ஏறி இருந்தன். முன்னால மதில்தான் தெரிஞ்ச. பக்கத்து இருக்கையில இவர் இரிந்தாரு. நல்லா இரிந்த மிஸ்.

… சரி. இருக்க போனாப் போகட்டும். செய்தவர் பெயர் எண்ட கட்டத்துல என்ன வரும்… யாட்டுட பேரா… அப்ப இவர்ட பேரு எங்க வரும்… எங்கயும் வராதா.

மிஸ்… கோவிக்கப்படா. சேர் இரிக்காரா… பீல்டுக்குப் போக முந்தி ஒரு சொல்லு கதைக்க ஏலுமா. நேர வந்து சொல்லணும் எண்டதப் போனுல இவர் வாயால சொன்னா எடுப்பாரா எண்டு கேட்டுப் பாருங்க… ஓம், ஓம், வைக்காம நிக்கன்.

இஞ்சாருங்க. சேர் வாறாராம். பயப்படாதீங்க. இந்த வள்ளம் நீங்க ஒங்களுக்கெண்டு செஞ்சதா எண்டு கேப்பாரு, வேற ஒண்டும் கேக்கமாட்டாரு. நீங்க சொல்ற அந்த ஒரு சொல்லு போதும். சோறு வேணுமா எண்டாலும் ஓம் எண்டுறீங்க, வேணாவா எண்டாலும் ஓம் எண்டுறீங்க. அல்லாஹ் அந்த ஒரு சொல்லத்தான் வாயில விட்டு வெச்சிருக்கான், அது இண்டைக்கு ஒதவட்டும். நான் சேருக்கு ஒண்டும் சொல்லமாட்டன்…

ஹலோ… சேர். குட் மோர்னிங் சேர்… ஓம் சேர், சபூறாதான்… கதைப்பாரு சேர். கொஞ்சமாத்தான் கதைப்பாரு… வெளங்கும், எல்லாம் நல்லா வெளங்கும். ஸ்பீக்கர்ல போடுறன். காதுக்குக் கிட்ட வைக்கன்… இப்ப கேளுங்க சேர்…

கேட்டீங்களா சேர். ஓம் எண்டாரு. தானே செஞ்ச, தனக்கெண்டு செஞ்ச, ரெண்டையும் சேத்துத்தானே நீங்க கேட்ட. ரெண்டுக்கும் சேத்து ஓம் எண்டிட்டாரு… அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல ஹயாத்தத் தரணும் சேர், ஒங்கட புள்ள குட்டியும் நல்லா இரிக்கணும்… நான் அழல்ல. சும்மா சேர்…

… இன்னும் ஒண்டா. ஏன் சேர், அதான் சொல்லிட்டாரே… ஓம்… முறைக்கா… கேளுங்க…

சேர், இல்ல சேர். விக்கிறதுக்கில்ல. இஞ்சாருங்க, விக்கிறதுக்குச் செஞ்சதா எண்டு சேர் கேக்காரு. இல்லதானே. தலைய ஆட்டுங்க. இப்பிடி… நான் ஆட்டுற மாதிரி… இல்ல எண்டு… சேர், அவர் கேள்விய வடிவாக் கேக்கல்ல…

… சேர், அது வேணா. யாட்டுல செஞ்சதா எண்டு கேக்காதீங்க சேர். அதக் கேக்காதீங்க…

… ஓம் சேர். எனக்கும் கேட்ட. அதுக்கும் ஓம் எண்டாரு.

… இல்ல சேர், மறைக்கல்ல… ஓம். மறைச்சிட்டன். மன்னிச்சுக்கங்க. விழுந்த நாளுல இரிந்து அந்த ஒரு சொல்லுத்தான் சேர் மிச்சம்… ஓம்… ஓம், அப்பிடித்தான். பொறகு சொன்ன ரெண்டும் செல்லா எண்டா முதல்ல சொன்னதும் செல்லாதான். முதல்ல சொன்னதுதான் சேர் மெய். எனக்குத் தெரியும். ஆனா ஒங்களுக்கு எப்பிடிக் காட்டுற. எல்லாம் ஒரே சொல்லு. ஒரே மாதிரித்தான் சொல்றாரு… கண்ணால தண்ணி ஓடுது சேர் அவருக்கு. பிழையாப் போயிட்டு எண்டு அவருக்கு வெளங்கிட்டு.

போட்டோ இரிக்கே சேர். எல்லாப் போட்டோவுலயும் இவர்ட கை இரிக்கே… ஓம்… ஆரு செஞ்ச எண்டதுக்குத்தான் போட்டோ சாட்சியா. ஆருக்கெண்டு செஞ்ச எண்டதுக்குச் சாட்சி இல்லயா… ஓம். அதுக்கு வாய்தான் வேணும்.

பொறுங்க சேர், ஸ்பீக்கர நிப்பாட்டுறன்… இஞ்சாருங்க, ஒண்டுமில்ல, சிக்னல் கொறவு, விறாந்தைக்குப் போயிட்டு இப்ப வாறன்…

சொல்லுங்க சேர். விறாந்தைக்கு வந்திட்டன். மெதுவாக் கதைச்சா அவருக்குக் கேளா… ஓம்… றெஜிதா மிஸ்ஸும் அதத்தான் சொன்னா… ஓம், ஒடையாம நிக்கும், அது பெரிய காரியம்தான்… பொம்புளயள் ஏறப்படா, தெரியும்… றமீஸ்ட நம்பர் மிஸ்ஸிட்ட இரிக்கி… இல்ல சேர், யோசிக்க ஒண்டும் இல்ல. நாளைக்கு ஒடைக்கிற சத்தம் இஞ்ச வரைக்கும் கேக்கும். எழுதுங்க. மீன்புடி எண்டே எழுதுங்க… என்ன வலையா. எனக்குத் தெரியா, றமீஸிட்டக் கேளுங்க… செய்தவர் பெயர்… ஓம். யாட்டுட பேரையே போடுங்க.

சேர், ஒரு ஒதவி. நான் இப்ப உள்ளுக்குப் போய்க் கொஞ்சம் சத்தமாக் கதைப்பன். நான் கதைக்கிறதுதானே அவருக்குக் கேக்கும், நீங்க சொல்றது கேளாதே. நான் என்ன சொன்னாலும் நீங்க ஒண்டும் சொல்லத் தேவல்ல. ஒங்களப் பொய் சொல்லச் சொல்லல்ல சேர், பொய்ய நான் சொல்றன். போன மட்டும் வெச்சிராதீங்க. எனக்குத் தனியாக் கதைக்க வராது… பீல்டுக்கு நேரம் போகுதா… ஒரு நிமிசம் சேர், ஒரே ஒரு நிமிசம்…

ஓம் சேர், இப்ப நல்லாக் கேக்குது. பக்கத்துலதான் இரிக்காரு, நீங்க சொல்லுங்க… அப்பிடியா சேர். யோசிச்சிப் பாத்தீங்களா… ஓம், முதல்ல சொன்னதத்தான் எடுக்கணும்… உல்லாசப் படகு எண்டே எழுதியாச்சா… இஞ்சாருங்க, எழுதியாச்சாம்… ஓம் சேர், கேட்டுக்கிட்டுத்தான் இரிக்காரு, என்ட மொகத்தையே பாக்காரு… உரிமையாளர் பெயர், ஓம், அதுவும் இவர்ட பேருதான்… செய்தவர் பெயர் முகம்மது லெவ்வை பளீல்…

சேர்…

ஹலோ… சேர், இரிக்கீங்களா… இஞ்சாருங்க, ஒண்டுமில்ல, லைன் கட்டாகல்ல…

… ஓம் சேர். ஓம், லெவ்வை. முதல்ல முகம்மது, பொறகு லெவ்வை, அதுக்குப் பொறகு பளீல்… ஓம், சரியா எழுதியிரிக்கீங்க… நம்பரும் நாளைக்கே தருவீங்களா… ஓம் சேர்… ஓம்… ஓம்.